ஊரே ரவுட்டரை அணைத்த பின்னேரம்

ஸிஹானா, உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாலு மாதமாகிறது. உன் கதிரை நாம் வேலை செய்த கந்தோரில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை. உட்காரக் கூடாதென்று யாரும் சொல்லவும் இல்லை. திரையில் ஏதாவது சிவப்பாக வந்தால் என் வாய் தன்பாட்டில் "ஸிஹானா, இஞ்ச வாகா" என்று திறக்கிறது. பாதியில் மூடிக்கொள்கிறேன்.

இந்த மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன். இருபத்தாறு வயதில் ஓய்வா என்று கேட்கிறார்கள். ஏழு வருடம் ஒரே மேசையில் இருந்தேன், இனி இருக்க ஏலாது, அவ்வளவுதான். போன கிழமை, கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் இஸ்ரா தேநீர் குடிக்கும்போது கேட்டாள்.

"ராத்தா, நீங்க போக முந்தி அந்தக் கதையச் செல்லுங்க. ஸிஹானா மிஸ் முழு ஊர்ட இன்டர்நெற்றையும் விழுத்தின கதை."

"ஆர் செல்லின, அவ விழுத்தின எண்டு?"

"எல்லாரும்தான் செல்றாங்க. புதுசா வாற ஆக்களுக்கு முதல் பாடமே அதுதானே."

இஸ்ரா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் ஸிஹானாவைக் கண்டதே இல்லை, அவளில் குற்றமில்லை. நான் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போவதுபோல் எழும்பிப் போய்விட்டேன். அன்றைக்கு வாயால் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஸிஹானாவும் சாய்ந்தமருதில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணக்குப் பாடம் போனது. இரண்டாம் முறை எழுதினேன், அதுவும் போனது. பிரதான வீதியில், புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் எங்கள் இன்டர்நெட் கந்தோரில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாலு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போன் எடுத்தேன், ஏச்சு வாங்கினேன், "ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்று சொன்னேன். அதற்குள் அவள் கெம்பஸ் போய்க் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்து, எனக்கே மேலதிகாரியாக அமர்ந்தாள்.

"இனி உன்ன நான் மிஸ் எண்டா கூப்பிடணும்?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டுப் பாரன். மொகத்தில தண்ணி ஊத்துவன்."

அன்றிலிருந்து மேசைக்குக் கீழே ஒரு மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு இருவரும் பங்கு போட்டோம். அவள் என்னை வேலை ஆளாக ஒரு நாளும் நடத்தவில்லை. ஆனால் சேர்வர் பக்கம் திரும்பிவிட்டால் வேறு ஆள்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுப்பது. ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் எங்கள் சேர்வரைக் கூப்பிடும். கூப்பிட்டதும் சேர்வருக்குள் அந்த வீட்டுக்கென்று ஒரு வாசல் உண்டாகும். கையால் தொடக்கூடிய வாசல் இல்லை. சேர்வரை இயக்கும் லினக்ஸின் நடுவில் ஓடும் கேர்னல் என்கிற பகுதி, தன் ஞாபகத்துக்குள்ளேயே அதை உண்டாக்கிக்கொள்ளும். இன்டர்பேஸ் என்று சொல்வோம். பெட்டியின் பின்பக்கம் வயர் குத்துகிற துளை நாலுதான். உள்ளே வாசல் ரெண்டாயிரம்.

அந்த வாசல்களுக்கெல்லாம் கேர்னலிடம் இருப்பது ஒரே ஒரு சாவி. புது வாசல் வைக்கவும் அந்தச் சாவி வேண்டும், பழையதை உடைக்கவும் அதே சாவி. ஒருவர் கையில் இருக்கும்போது மற்ற எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். உடைப்பது இன்னும் மெதுவான வேலை. அந்த வாசலால் யாராவது இன்னும் போய்வருகிறார்களா என்று பார்த்து, எல்லாரும் கையை எடுத்த பிறகுதான் கேர்னல் அதை உடைக்கும். ஐம்பது வீடு என்றால் ஒருவருக்கும் தெரிய வராது. ரெண்டாயிரம் வீடு ஒரே நேரத்தில் வந்து நின்றால்தான் தெரியும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அவள்தான். பாடம் எடுத்துச் சொல்லவில்லை. மாங்காய் தின்றுகொண்டு, நான் கேட்கக் கேட்கச் சொன்னாள்.

அவளிடம் ஒரு முறை இருந்தது. சேர்வரில் கை வைக்க முந்தி, என்ன செய்யப் போகிறோம், செய்தால் திரையில் என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். அவளும் சொல்வாள். ஒரு நாள் தனியாக இருந்து சுவரைப் பார்த்து, "இப்ப நான் இத நிப்பாட்டப் போறன், மூணு வரி வரும்" என்று சொல்வதைப் படியில் நின்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். சொன்னது வராவிட்டால் ஏச மாட்டாள். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "நல்லம். இப்பதான் ஒண்டு படிக்கப் போறம்" என்பாள். அந்த "நல்லம்" என்ற சொல்லை இன்னொரு தடவை கேட்க எதையும் கொடுப்பேன்.

இனி அந்த நாள்.

அன்று காலையில் கரையோரம் முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் சேர்வர் பெற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வீடுகளில் ரவுட்டர்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஸிஹானா கந்தோரில் இல்லை. எங்கள் முதலாளி ஹாஜியாரோடு நிந்தவூருக்குப் போயிருந்தாள். அங்கே புதுக் கிளை திறக்க இருந்தது. அதை அவளிடம்தான் கொடுப்பதாக ஹாஜியார் சொல்லியிருந்தார். அவள் ஒரு கொப்பியில் அந்த அறையைக் கீறி, இரண்டாவது சேர்வர் எங்கே வர வேண்டும், காற்றாடி எந்தப் பக்கம் என்றெல்லாம் குறித்து வைத்திருந்தாள். பாதி வீடுகள் அந்தச் சேர்வருக்குப் போனால் வரிசையும் பாதியாகும் என்பாள்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கரண்ட் வந்தது. அடுத்த நிமிடம், ஹாஜியார் பள்ளிவாசலில் இருந்து திரும்ப முந்தியே, அவளுடைய போன் கோல் வந்தது.

"பஸ்மி, நல்லாக் கேளு. எல்லா வீடும் ஒண்டாக் கூப்பிடும். மெதுவாத்தான் வரும். ஒருத்தரும் ரவுட்டரத் தொடப்படா. தானா வரும் எண்டு செல்லு. விளங்குதா?"

"விளங்குது."

"என்ன விளங்குது, செல்லு."

"ஒருத்தரும் தொடப்படா. தானா வரும்."

"நான் ஓட்டோ எடுத்து வாறன்."

இதை நான் வாயால் திருப்பிச் சொன்னேன். பதினைந்து நிமிடம்தான் அந்தச் சொல்லில் நின்றேன். போன் வைக்க வைக்க அடித்தது. "தானா வரும்" என்றால் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. "சும்மா இருந்து சம்பளம் எடுக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "படிச்ச ஆளுக்கிட்டக் குடு போன" என்றார். அந்தச் சொல் என்னை எங்கேயோ குத்தியது. ஏதாவது செய்கிறோம் என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. பெருநாள் வாழ்த்து அனுப்புகிற எஸ்எம்எஸ் பக்கத்தைத் திறந்தேன். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே அமத்தலில் போகும். இத்தனை வருடமாக வாயில் ஊறிய வசனத்தை எழுதினேன்: "இணைப்பு இல்லாதவர்கள் ரவுட்டரை ஓஃப் செய்து, ஒரு நிமிடத்தில் ஓன் செய்யவும்." அமத்தினேன். அமத்த முந்தி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் போன் அடிக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நடந்தது இதுதான். வரிசையில் நின்று பாதி வாசல் கட்டப்பட்ட வீடுகளும் ரவுட்டரை அணைத்தன. பாதிக் கட்டிய வாசலைக் கேர்னல் இப்போது உடைக்க வேண்டும். உடைக்கச் சாவி வேண்டும். அதே வீடு ஒரு நிமிடத்தில் புது வாசல் கேட்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றது. நேரம் போகப் பொறுக்காமல் ஆட்கள் திரும்பவும் அணைத்தார்கள். ஆயிரம் ஆட்கள் கட்டச் சொல்கிறார்கள், ஆயிரம் ஆட்கள் உடைக்கச் சொல்கிறார்கள், சாவி ஒன்று. ஏற்கெனவே வந்திருந்த வீடுகளும் விழத் தொடங்கின.

அந்த நேரம்தான் ஜெஸீமா ராத்தா கோல் எடுத்தா. எங்கள் வாடிக்கையாளர், பள்ளிவாசலுக்குப் பின்பக்க ஒழுங்கையில் வீடு. அழவில்லை, குரல் காய்ந்து போயிருந்தது.

"மகள், எங்கட உம்மா காலையில மௌத்தாயிட்டா. தம்பி கத்தார்ல. அவனுக்கு வர ஏலா. அசர் தொழுதிட்டு ஜனாஸா எடுக்கப் போறாங்க. ஒரே ஒரு தரம் வீடியோவில உம்மாட மொகத்தப் பாக்கணும் எண்டு கிடந்து அழுறான். போன்ல கதை மட்டுந்தான் போகுது, டேட்டா போகல்ல. உங்கட நெற் எப்ப வரும்?"

மௌத்தானவரின் உடலை வைத்துக்கொண்டு காத்திருப்பது எங்கள் வழக்கமில்லை. அசர் என்றால் அசர்தான். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தது.

"இப்ப வரும் ராத்தா" என்று பொய் சொன்னேன்.

ஸிஹானா படியேறி வந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு எஸ்எம்எஸ் பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜெஸீமா ராத்தாவின் கதையைச் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, "இப்ப நான் மற்ற எல்லாரையும் மறிச்சு, அந்த வீட்ட மட்டும் விடப் போறன்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கட்டளையைத் தட்டினாள். திரை அப்படியே நின்றது. அவளுடைய கட்டளையும் அதே சாவிக்கு வரிசையில் போய் நின்றுவிட்டது.

"சேர்வர ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா?" என்றேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று விளங்கியது.

"ரெண்டாயிரமும் திரும்ப ஒண்டா வரும்."

"வயரக் கழட்டினா?"

"அந்த வீடும் கழண்டிடும். இன்னொரு எஸ்எம்எஸ் அனுப்பினாலும், முதல் எஸ்எம்எஸ்ஸே இன்னும் போய் முடியல்ல, அதுக்குப் பின்னால நிக்கும்." கீபோர்ட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு எழும்பினாள். "சனத்த நிப்பாட்டணும். எழும்பு, மரைக்காருக்கிட்டப் போவம்."

மரைக்கார் எங்கள் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். பள்ளிக்குப் பக்கத்தில் அவருக்கு ஆணி, வாளி, பெயின்ற் விற்கிற கடை. இருவரும் மூச்சு வாங்கப் போய் நின்று விஷயத்தைச் சொன்னோம். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பள்ளி மைக்கில பாங்கு செல்றம், பிறை செல்றம், மௌத்து செல்றம். ரவுட்டர் செல்றல்ல, புள்ள."

"மௌத்துக்குத்தான் கேக்கிறன், காக்கா" என்று ஸிஹானா அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

"மௌத்தக் காலையிலயே பெற்றரியில செல்லிட்டனே."

"செல்லினீங்க. கத்தார்ல இரிக்கிற மகனுக்குக் கேட்டிச்சா?"

மரைக்கார் கையில் இருந்த ஆணிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"எத்தின வீடு ஓஃப் பண்ணணும்?"

"எல்லா வீடும். ஜனாஸா வீட்டத் தவிர."

"என்ட வீட்டயுமா?"

"உங்கட வீட்டத்தான் முதல்ல, காக்கா."

அவர் அந்த இடத்திலேயே மனைவிக்குப் போன் எடுத்தார். "இஞ்சே, அலுமாரிக்கு மேல பச்ச லைட் மின்னுதே ஒரு சாமான், அத ஓஃப் பண்ணு... நாடகம் எங்கயும் ஓடிடாது, பிறகு பாரு... கரண்ட் பில்லுக்கு இல்ல, மௌத்து வீட்டுக்கு!"

பிறகு மற்றப் பள்ளிகளுக்கும் அவரே கோல் எடுத்தார். காரைதீவுக்கு எங்கள் வயர் வேலை பார்க்கும் குணா அண்ணனிடம் சொன்னோம். அவர் கோயில் ஸ்பீக்கரில் சொல்ல வைத்தார். நாங்கள் படியேறும்போதே மரைக்காரின் குரல் ஊருக்கு மேலால் வந்தது. ஸலாம் சொல்லி, மௌத்தானவரின் பெயரைச் சொல்லி, "கடல் கடந்து இரிக்கிற மகன் தாய்ட மொகத்தக் கடைசியா ஒருக்காப் பாக்கணும். அந்த வீட்டத் தவிர எல்லாரும் ரவுட்டர ஓஃப் பண்ணி வைங்க. நான் செல்லும் வரைக்கும் ஓன் பண்ணாதீங்க. இது ஒரு பெரிய நன்மை" என்றார்.

வீடுகள் அணையத் தொடங்கின. புதிதாக வாசல் கேட்டு ஒருவரும் வரவில்லை. கேர்னல் இப்போது உடைக்க மட்டும்தான் வேண்டும். திரையில் எண் இறங்கியது. ஆயிரத்துச் சொச்சம், எண்ணூறு, முந்நூறு. எவ்வளவு வாய்த்துடுக்குள்ள ஊர் எங்கள் ஊர். அன்று ஒருவர்கூட எதிர்த்துக் கேட்கவில்லை. கடைசியில் கொஞ்ச வீடுகள் மிஞ்சின, ஆளில்லாத வீடுகளாக இருக்கும். அவள் தட்டிய கட்டளை அப்போதுதான் வேலை செய்தது. நான் ஜெஸீமா ராத்தாவுக்குப் போன் எடுத்து, "இப்ப ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்றேன். திரையில் ஒரே ஒரு புது வரி வந்தது.

நாங்கள் வீடியோ ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அந்த ஒரு வாசலால் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்ற எண்கள்தான் ஓடின. ஸிஹானா கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன்கா?"

"அவங்கட வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி இரிக்கி."

நானும் திரும்பிக்கொண்டேன். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அசர் பாங்கு கேட்டது. தொழுகை முடிந்து ஜனாஸா எடுத்த பிறகு, மரைக்கார் ஒழுங்கை ஒழுங்கையாக ஓன் பண்ணச் சொன்னார். பஸ் கொண்டக்டர் மாதிரி அவருக்கு அதில் நல்ல விருப்பம் வந்துவிட்டது. பொழுது சாய்கிற மஃரிப் தொழுகைக்கு முன் முழு ஊரும் வந்துவிட்டது.

ஹாஜியார் வந்தார். அவருடைய போனிலும் அந்த எஸ்எம்எஸ் இருந்தது. எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆர் இத அனுப்பின?"

நான் எழும்பினேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் குரல் வந்துவிட்டது.

"நான்தான் ஹாஜியார். நான்தான் அனுப்பச் செல்லின."

"நீ படிச்ச புள்ள எண்டுதானே நிந்தவூரத் தரப் பாத்தன்?"

"ஓம் ஹாஜியார். என்ட பிழைதான்."

அவர் கீழே இறங்கிப் போன பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "ஏன்கா அப்பிடிச் செல்லினாய்?"

"உன்ன வேலையால நிப்பாட்டுவாரு. என்ன நிப்பாட்ட மாட்டாரு. அவ்வளவுதான்."

"நிந்தவூர்?"

"நிந்தவூர் அங்கதானே கிடக்கு."

கிளையை வெளியூர் ஆள் ஒருவரிடம் கொடுத்தார்கள். அந்தக் கொப்பியை அவள் மேசை லாச்சியில் போட்டாள். நான் ஹாஜியாரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாள் போனது. பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது. அவள் ஒரு நாளும் அதை நினைப்பூட்டவில்லை. எனக்கு ஏசியிருந்தால் இவ்வளவு பாரமாக இருக்காது.

அதற்குப் பிறகு ரெண்டு மாதம், பின் அறையில் ஒரு பழைய கொம்பியூட்டரை வைத்து அவள் சோதனை செய்தாள். ஆயிரம் பொய் வாசல் உண்டாக்குவாள், நான் போனில் நேரம் பிடிப்பேன். பிறகு ரெண்டாயிரம். பிறகு நாலாயிரம். "வாசல் ரெண்டு மடங்கானா நேரம் எத்தின மடங்காகணும், பஸ்மி?" ரெண்டு என்றேன். நாலு மடங்கு ஆனது. கணக்கில் ரெண்டு முறை போன எனக்கே அது பிழை என்று விளங்கியது. கடைசியில் கண்டுபிடித்தாள். ஒரு வாசல் புதிதாக வரும்போதெல்லாம், கண்காணிக்கிற புரோகிராம் ஒன்று முழு வாசல்களையும் முதலில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். ஒரு நேரத்தில் இத்தனை வீட்டுக்கு மேல் உள்ளே விடாதே என்று சேர்வருக்கு எல்லை வைத்தாள். வாசலை ஒவ்வொன்றாக உடைக்காமல் கூட்டாக உடைக்க ஒரு வழி எழுதி, கேர்னல் செய்கிறவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் இதைப் புதுக் கேர்னலில் ஏற்கெனவே திருத்திவிட்டோம் என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்த சிரிப்பு கீழே புடவைக் கடைக்கே கேட்டது. "ரெண்டு மாசம்கா! நான் இல்லாத சாமானத் தேடல்ல எண்டாவது தெரிஞ்சிச்சே!" அடுத்த கிழமையே புதுக் கேர்னலைப் போட்டாள். இன்றைக்கும் கரண்ட் போய் வந்தால் ஊர் சத்தமில்லாமல் எழும்புகிறது. யாருக்கும் தெரியாது. அது அவளுடைய வேலை.

பிறகு அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். அதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது.

ஜனாஸா எடுக்க முன் அவளுடைய வாப்பா வாசலில் நின்று, எங்கள் வழக்கப்படி எல்லாரிடமும் கேட்டார்: "என்ட மகள் ஆருக்காவது சொல்லால செயலால பிழ செய்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க." நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். பக்கத்தில் ஒரு ராத்தா மெதுவாகச் சொன்னா: "அண்டைக்கு ஊர்ட நெற்ற நிப்பாட்டினது இந்தப் புள்ளதானே, பாவம். நான் மன்னிச்சிட்டன்."

செய்யாத பிழைக்கு அவளை மன்னித்தார்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவளை வெளியே எடுத்துப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை.

இஸ்ரா, கந்தோரில் இருக்கிற மற்றப் பிள்ளைகள், ஹாஜியார், அன்றைக்கு ரவுட்டரை அணைத்து வைத்த ஊர் ஆட்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பியவள் நான். அனுப்பாதே என்று சொன்னவள் அவள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த நாளைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள், படிக்க வேண்டிய பாடம்தான். பிழையின் இடத்தில் பஸ்மியா என்று என் பெயரைச் சொல்லுங்கள். மன்னிப்பதென்றால் என்னை மன்னியுங்கள். ஸிஹானாவின் பெயரைத் துஆவில் மட்டும் சொல்லுங்கள். அவள் உறங்கும் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி, வெளிச்சமாக்கி, சுவர்க்கத்தைக் கொடுக்க வேண்டுமென்று ஒவ்வொருவரும் கேளுங்கள். குணா அண்ணா, நீங்கள் உங்கள் முறையில் கேளுங்கள். ஒருவரும் விட்டுவிடாதீர்கள்.